டப்பா காலியா என்று கேட்காதீர்கள்

டே கேர் போகும் சின்னக் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டுவதில் என்ன சிரமம் என்று எழுதச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப இருந்த வரி, 'கொடுத்த டப்பா அப்படியே திரும்பி வருகிறது' என்பதுதான். கோவையில் ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்துகிறேன். நீங்கள் மூடி அனுப்பும் டப்பாவைத் திறப்பது என் போன்றவர்கள்தான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டே கால் வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பாப்பா டே கேர் போக ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. பருப்பு சாதம் கொடுத்தனுப்பினால் அப்படியே வருகிறது. அதே சாதத்தை வீட்டில் என் அம்மா ஊட்டினால் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறாள். ஃபோனில் பாட்டு போட்டுவிட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அங்கே சரியாகக் கவனிப்பதில்லையோ? டப்பா காலியாக வந்தால்தான் எனக்கு நிம்மதி.

பதில்: அம்மிணி, பாட்டி ஊட்டும்போது பாப்பா ஃபோனைப் பார்க்கிறாள். வாய் தானாகத் திறக்கிறது, சாதம் உள்ளே போகிறது. பசிக்கிறதா, வயிறு நிறைந்ததா, என்ன ருசி, எதுவும் அவள் கவனத்தில் இல்லை. காப்பகத்தில் ஃபோனும் இல்லை, பாட்டி மடியும் இல்லை. தட்டு, சாதம், அவளுடைய கை, அவ்வளவுதான். அந்தக் கையைச் சாப்பிட இன்னும் யாரும் பழக்கவில்லை. அதனால்தான் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் சமையலில் குறையில்லை. ஆயாவின் கவனிப்பிலும் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாட்டியைக் குறை சொல்லவில்லை. ஊட்டி விடுவது நம் வீடுகளில் பாசத்தோடு சேர்ந்தது. நிலாவைக் காட்டி, காக்காவைக் கூப்பிட்டு ஊட்டிய காலத்தில் குழந்தை பாட்டியின் முகத்தையும் பார்த்தது, அவர் கையிலிருந்த உருண்டையையும் பார்த்தது, வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பியது. ஃபோன் வந்தபின் அது திருப்புவதே இல்லை. நிறைந்த வயிறு சொல்வது அதற்குக் கேட்பதில்லை.

இப்போது காப்பகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மதியம் பன்னிரண்டு தாண்டியதும் கை கழுவி, பாய் விரித்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்போம். ஒரு ஆயாவைச் சுற்றி ஆறேழு பேர். ஒருவன் மூடி திறக்கச் சொல்லி நீட்டுவான், ஒருத்தி தண்ணீரைக் கொட்டியிருப்பாள், ஒருவன் பக்கத்துத் தட்டில் கை வைப்பான். சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொரு அம்மாவும் கேட்பது, "டப்பா காலிங்களா?" தினமும் இதையே கேட்டால் ஆயாவின் மனதில் பதிவது ஒன்றுதான். டப்பா காலியாக வேண்டும். ஒரு டப்பா மூன்று விதமாகக் காலியாகும். பிள்ளை சாப்பிட்டிருக்கலாம், பிள்ளையின் வாயில் திணித்திருக்கலாம், குப்பைக் கூடைக்குப் போயிருக்கலாம். காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எது நடந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. பாதி மிச்சத்தோடு வரும் டப்பாவில்தான் விஷயம் இருக்கிறது. எதைத் தொட்டாள், எதை ஒதுக்கினாள், எதைக் கடித்து வைத்தாள் என்பதெல்லாம் அதில் தெரியும்.

அதனால் இனி கேள்வியை மாற்றுங்கள். "பாப்பா இன்னிக்கு எதை அவளே எடுத்துச் சாப்பிட்டாளுங்க?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கேட்டால் ஆயாவும் அதைக் கவனிக்கத் தொடங்குவார்.

எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இந்த வேலையைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. காலையில் மூடியை மூடும்போது உங்கள் பங்கு முடிந்துவிடுகிறது. இதை மனதார ஏற்றுக்கொள்ளும் அம்மாக்களின் பிள்ளைகள்தான் எங்கள் பாயில் சீக்கிரம் தேறுகிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: இரவுச் சாப்பாட்டை உங்களோடு, ஃபோன் இல்லாமல், அவள் கையாலேயே சாப்பிட விடுங்கள். கீழே பழைய துணியோ பேப்பரோ விரித்துக்கொள்ளுங்கள், பாதி அதில்தான் விழும். இருபது நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் வைத்தால் முகம் வாட வேண்டாம், சாப்பிட்டால் கை தட்டவும் வேண்டாம். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். பாட்டியும் அதே நேரம் தன் தட்டோடு அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஊட்டாமலும் பாட்டிக்கு அங்கே ஓர் இடம் வேண்டும்.

டப்பாவையும் மாற்றுங்கள். நாலு பக்கம் 'கிளிக்' போடும் மூடியை இரண்டு வயது விரல்களால் திறக்க முடியாது. தானே திறந்து பழகிய டப்பாவாகக் கொடுங்கள். சின்ன டப்பா போதும். ஆழமான டப்பாவில் அமுக்கி வைத்த சாதத்தைப் பார்த்ததுமே பல பிள்ளைகள் திரும்பிக்கொள்கிறார்கள். கொழகொழவென்று பிசைந்த பருப்பு சாதத்தை ஊட்டத்தான் முடியும், எடுத்துச் சாப்பிட முடியாது. அதே அரிசியையும் பருப்பையும் நம் ஊர் அரிசி பருப்பு சாதமாகக் கொஞ்சம் குழைய வடித்து, நெய் விட்டு, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வையுங்கள். பிடி கொழுக்கட்டை, குழிப்பணியாரம், நீளவாக்கில் விரல் போல நறுக்கிய இட்லி, எல்லாமே அவள் கைக்கு அடங்கும்.

கேள்வி: இரண்டரை வயது மகன். வெள்ளைச் சாதம், தயிர், இட்லி தவிர எதையும் தொடுவதில்லை. தாளித்த கடுகைக்கூட எடுத்துப் போடுகிறான். காய் என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். தினமும் தயிர் சாதமே கட்டிக் கொடுக்கிறேன். இது போதுமா? (ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை)

பதில்: இரண்டு வயதை ஒட்டிப் புது உணவைக் கண்டு பயப்படுவது இயல்பான வளர்ச்சிதான். நடக்கப் பழகி, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் தெரியாததைத் துப்புவது அவனுக்கு ஒரு காவலும்கூட. பள்ளிக்குப் போகும் வயதில் மெல்லக் குறையும். அதுவரை நாம் செய்யக்கூடியது, அந்த உணவைப் பயமில்லாத ஒன்றாக அவன் கண்ணில் தினமும் பட வைப்பது.

லீயன் பர்ச் என்ற ஆய்வாளர் 1982-ல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் கொடுத்துப் பார்த்தார். அதிகத் தடவை ருசித்ததைத்தான் குழந்தைகள் அதிகம் விரும்பினார்கள். எட்டுப் பத்து முறை, சில குழந்தைகளுக்குப் பதினைந்து முறை வரைகூட ஆகலாம். நம் வீடுகளில் மூன்றாம் முறையே 'அவனுக்குக் கேரட் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம், அவன் காதுபடவே.

தயிர் சாதத்தை நிறுத்தாதீர்கள். அவனுக்குத் தெரிந்த ஒன்று டப்பாவில் எப்போதும் இருக்கட்டும். அதன் பக்கத்துக் குழியில் வேகவைத்த கேரட் ஒரே ஒரு துண்டு, அடுத்த வாரம் மஞ்சள் பூசணி ஒரு துண்டு. தொடாமல் வந்தாலும் மறுநாள் திரும்ப வையுங்கள். கேரட்டை அரைத்து தோசை மாவில் கலப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். கலக்கலாம், சத்து போகும். ஆனால் அதில் கேரட்டை அவன் சந்திப்பதே இல்லை. கலந்த தோசையோடு கண்ணுக்குத் தெரியும் துண்டும் இருக்கட்டும். தயிர் சாதத்துக்குள் ஒளித்து மட்டும் வைக்காதீர்கள். ஒரு தடவை கண்டுபிடித்தால் தயிர் சாதத்தின் மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். பிறகு அதுவும் போய்விடும்.

காப்பகத்தில் உங்களுக்கு ஒரு துணை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. அதே பர்ச் 1980-ல், ஒரு காயை விரும்பாத குழந்தையை அதை விரும்பும் குழந்தைகளோடு சாப்பிட உட்கார வைத்தார். சில நாளிலேயே அது மற்றவர்கள் எடுத்த காயை எடுத்தது. வீட்டில் பீட்ரூட்டைத் தொடாதவள் எங்கள் பாயில் பக்கத்துத் தட்டைப் பார்த்துக் கை நீட்டுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள், எந்த ஆயாவும் மறுக்கமாட்டார்.

எனக்கு உங்கள் கடிதத்தில் கவலை தந்தது காயைவிட வேறொன்று. சாதம், தயிர், பால், இட்லி என்றே போனால் இரும்புச் சத்துக்கு வழியில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. ரத்த சோகை வந்தால் பசியும் குறையும், பசி குறைந்தால் இன்னும் பாலையே காட்டுவோம். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். காலையில் டே கேர் கிளம்பும்போது ஒரு பெரிய டம்ளர் பால் குடித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு மதியம் பசிப்பதே இல்லை, இதையும் கவனியுங்கள். முட்டை, மீன், ஈரல், பருப்பு, கீரை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் வீட்டில் அவன் எதிரே இருக்கட்டும். பருப்பும் கீரையும் தரும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள எலுமிச்சைச் சாறு சில சொட்டும் கொய்யாவும் உதவும். வெளிறிய உதடு, சோர்வு, மண் தின்னும் பழக்கம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

தயிர் சாதம் கட்டும் முறை பலருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சூடான சாதத்தைக் காய்ச்சிய பால் விட்டு மசித்து, வெதுவெதுப்பானதும் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் உறைந்து புளிப்பில்லாமல் இருக்கும். தாளிக்க வேண்டாம், அவன்தான் கடுகைப் பொறுக்குகிறானே.

கேள்வி: சத்துக்காக முந்திரி, பாதாம், திராட்சை கொடுத்தனுப்பலாமா? பையனுக்கு இரண்டு வயது. (ஒரு வாசகி, சேலம்)

பதில்: முழுசாக வேண்டவே வேண்டாம். முழு நிலக்கடலை, பாதாம், முந்திரி, பாப்கார்ன், கடலை மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை எல்லாம் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சுக் குழாயை அடைக்கக்கூடியவை. காப்பகத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் எழுந்து ஓடிக்கொண்டும் தின்பார்கள் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும். அம்மிணிக் கொழுக்கட்டை செய்தால் ஒவ்வொன்றையும் விரலால் தட்டையாக அமுக்கி வேகவையுங்கள். கொட்டைகளைப் பொடித்துச் சாதத்திலோ கஞ்சியிலோ கலக்கலாம். ஆனால் முதல் தடவை வீட்டில் உங்கள் கண்ணெதிரே கொடுத்து, ஒவ்வாமை இல்லை என்று பார்த்தபிறகே டப்பாவில் வைக்கலாம்.

கேள்வி: மதுரை. மனைவிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, அதனால் மகளுக்குச் சாப்பாடு கட்டுவது நான். காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டும், அவள் சாப்பிடுவது பன்னிரண்டரைக்கு. சித்திரை வெயிலில் கெடாமல் என்ன கொடுக்கலாம்? சமையல் சுமாராக வரும்.

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். எங்கள் காப்பகத்துக்குச் சாப்பாடு கட்டி எடுத்துவரும் அப்பாக்கள் அதிகமாக வேண்டும்.

சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதாரண டப்பாவில் ஐந்து மணி நேரம் வைத்தால் அது முழுக்க இந்த நடுவில்தான் இருக்கும், மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆகவே வாய் அகலமான, குழந்தைக்கான சின்ன ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிப் பத்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சாதத்தை ஆவி பறக்க நிரப்பி உடனே மூடுங்கள். பாதி மட்டும் நிரப்பினால் சீக்கிரம் ஆறும். அதற்காகத்தான் சின்ன ஃபிளாஸ்க் என்றேன். குழந்தை அப்படியே வாயில் வைத்தால் சுட்டுவிடும், அதனால் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் முன்பே தட்டில் கொட்டி ஆற வைக்கும்படி ஆயாவிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். டே கேரில் ஃப்ரிட்ஜ் இருந்தால் வேலை இன்னும் எளிது, போனதும் உள்ளே வைத்து மதியம் நன்றாகச் சூடாக்கித் தரச் சொல்லலாம்.

முதல் நாள் ராத்திரி வெளியே இருந்த சாதம், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் இவை மூன்றும் வேண்டாம். முட்டையைக் காலையில் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். ஃபிளாஸ்க் இல்லாத நாளில் இட்லி, பணியாரம், எலுமிச்சை சாதம் போலப் புளிப்புச் சேர்ந்தவை மற்றவற்றைவிடத் தாங்கும். இட்லியைத் தட்டிலிருந்து எடுத்து முழுக்க ஆற விட்டு, நெய் தடவி, எள்ளுப்பொடி லேசாகத் தூவி வையுங்கள். சூடாக மூடினால் மூடியில் வேர்த்து நசநசத்துவிடும்.

சுமாராக வரும் சமையலே போதும். குக்கரில் ஒரு கை அரிசி, அரை கை பாசிப்பருப்பு, ஒரு துண்டு மஞ்சள் பூசணி, சீரகம், உப்பு. நாலு விசில் விட்டால் ஒரு நாள் முடிந்தது. கேழ்வரகு மாவில் சின்னதாக அடை தட்டலாம், கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக் கீரையை ஆய்ந்து அந்த மாவிலேயே போட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரே உணவு இரண்டு மூன்று தடவை வந்தால் பெரியவர்களுக்குத்தான் அலுக்கும், பிள்ளைக்குத் தெரிந்ததே திரும்ப வருவது பிடிக்கும்.

கேள்வி: முதல் பிறந்தநாள் வரை கொழுகொழுவென்று இருந்தான். இப்போது ஒன்றே முக்கால் வயது. டே கேர் போனதிலிருந்து சாப்பாடு குறைந்து இளைத்துவிட்டான், வேலையை விட்டுவிடு என்கிறார் மாமியார். (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் மாமியார் கண்ணால் பார்த்தது உண்மைதான், காரணம் மட்டும் வேறு. பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. இரண்டாம் வருஷம் முழுக்கச் சேர்த்தும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். கூடவே ஓட ஆரம்பிப்பதால் கன்னமும் தொடையும் வற்றும். வீட்டோடு வளரும் பிள்ளைக்கும் இதேதான் நடக்கும்.

எடையையும் உயரத்தையும் வளர்ச்சிப் படத்தில் குறித்துப் பாருங்கள், தாய் சேய் நல அட்டையிலேயே இருக்கும். 'அது வெளிநாட்டுக் கணக்கு' என்று யாராவது சொன்னால், உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அந்த அளவுகளுக்கு அளந்த ஆறு நாட்டுக் குழந்தைகளில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு என்று சொல்லுங்கள். புள்ளிகள் அவனுடைய கோட்டை ஒட்டி ஏறினால் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். கோடு கீழே இறங்கினாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ, முன்பு சாப்பிட்டவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நான்கைந்து உணவுக்குள் சுருங்கிவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். வேலையை விடுவது உங்கள் முடிவு. டப்பாவைக் காரணமாக வைத்து அதை எடுக்க வேண்டாம்.

கேள்வி: சாதம் சாப்பிட்டால் பிஸ்கட் தரும்படி ஆயாவிடம் கொடுத்து வைக்கலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம். சாதம் ஒரு தண்டனை, பிஸ்கட்தான் பரிசு என்று அவன் புரிந்துகொள்வான். மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள். டப்பாவிலேயே சின்ன வாழைப்பழத் துண்டு வையுங்கள், சாதத்துக்கு முன்னால் அதைச் சாப்பிட்டாலும் சரி.

கேள்வி: அலுவலகத்திலிருந்து மதியம் நானே போய் ஊட்டிவிட்டு வர அனுமதி கேட்க முடியுமா? மகளுக்கு ஒன்றரை வயது. (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு தடவை அங்கே போய் வரலாம் என்றும் கொண்டுவந்தது. உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர், என்ன ஏற்பாடு என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பல பெண்கள் இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் போங்கள். சாதம் ஊட்ட மட்டும் என்றால், அவள் அங்கே தானாகச் சாப்பிடப் பழகும் வரை போகாமல் இருப்பது நல்லது. நீங்கள் மறுபடி கிளம்பும்போது அழுவாள், சாப்பாட்டு நேரமே அழும் நேரமாகிவிடும்.

கேள்வி: என் மகன் இப்போது ஸ்பூனைப் பார்த்தாலே அழுகிறான். டே கேரில் மூக்கைப் பிடித்து ஊட்டுகிறார்களோ என்று சந்தேகம். எப்படிக் கேட்பது? கேட்டால் கோபத்தைப் பிள்ளையிடம் காட்டுவார்களோ என்று பயம். (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: உங்கள் சந்தேகத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். ஸ்பூனைக் கண்டு அழும் பிள்ளைக்கு அந்த ஸ்பூனோடு ஏதோ நடந்திருக்கிறது. மூக்கைப் பிடித்து ஊட்டினால் சாதம் மூச்சுக் குழாய்க்குள் போகலாம், இது ஆபத்து.

நடத்துபவரையும் ஆயாவையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள். "அவன் சாப்பிடாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை. டப்பா முழுசாக வந்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். திணிக்க மட்டும் வேண்டாம்" என்று முதல் வரியாகவே சொல்லுங்கள். ஆயாவுக்கு நம்மிடமிருந்து இந்த வாக்குறுதி தேவை. பெரும்பாலான ஆயாக்கள் கெட்ட எண்ணத்தில் திணிப்பதில்லை, மாலையில் வரும் கேள்விக்குப் பயந்துதான் திணிக்கிறார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அடுத்த நாள் முழு டப்பா வரும்போது முகம் மாறினால் சொன்னது வீண்.

வீட்டில் ஸ்பூனைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டுக் கையால் சாப்பிட விடுங்கள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே வர விடாமல் வாசலிலேயே நிறுத்தினால், வேறு காப்பகம் தேட ஆரம்பித்துவிடுங்கள்.